பட்டாளத்துக்குப் போனவரும் ஊரில் இருந்தவர்களும்: அண்ணன் தம்பிகளின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எடுத்தவுடனே அவருடைய ரெஜிமென்ட் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, அவரோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், மூத்தவர் யார், இளையவர் யார், அவரவர் எங்கே இருந்தார் என்று எழுதுங்கள். விவசாயக் குடும்பத்தில் ஒருவர் இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் பட்டாளத்துக்குப் போனார் என்றால், ஏர் பிடிக்க இன்னொருவர் வீட்டில் இருந்திருக்கிறார். போனவரின் காகிதம் ராணுவத்தில் இருக்கும். இருந்தவரின் காகிதம் தாலுகா ஆபீஸிலும் சார்பதிவாளர் ஆபீஸிலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இரண்டில் எதுவுமே முழுதாகப் புரியாது.

நான் குடியாத்தம் பக்கம் பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவள். பழைய வட ஆற்காட்டு ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டிலேயே முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காகப் பலகை பதித்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டில் ஆண் பிள்ளைகள் நான்கு பேர். பெரியவர் நிலத்தோடு இருந்தார். இரண்டாமவர் என் தாத்தா. பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலை பார்க்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். மூன்றாமவர் மலாயாவுக்குப் பால் மரம் வெட்டப் போனார்; எங்களுக்கு அவர் மலாயாத் தாத்தா. கடைக்குட்டி, ராணுவத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்யும் பயனியர் படையில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவர், திரும்பவில்லை. நான்கு பேரையும் ஒன்றாகத் தேடியபோது எது எங்கே கிடைத்தது, எந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுப் பெண்களிடம் தொடங்குங்கள்

வயதான ஆண்களிடம் கேட்டால் சண்டைக் கதை சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால் மணியார்டர் கதை சொல்வார்கள். நமக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும். மாதாமாதம் பணம் யார் பெயருக்கு வந்தது, தாயார் பெயருக்கா, அண்ணன் பெயருக்கா, கட்டியவள் பெயருக்கா? போஸ்ட்மேன் முன்னால் கைநாட்டு வைத்தது யார்? இந்த ஒரு கேள்வியில் அந்தக் கூட்டுக் குடும்பம் எப்படி நடந்தது என்பது பாதி தெரிந்துவிடும். பட்டாளத்துக்காரர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு ஒதுக்கி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது யார் பெயருக்கு என்பதில் மாமியார் மருமகள் வழக்கு இல்லாத வீடு குறைவு. அந்த வழக்குதான் எண்பது வருஷம் கழித்தும் நினைவில் நிற்கிறது.

எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் வராது, வந்தாலும் பிசகாக இருக்கும். ரங்கூனிலிருந்து ஜனங்கள் நடந்து வந்தார்களே அதற்கு முன்னா பின்னா, பட்டணத்தைக் காலி செய்து ஜனங்கள் ஊருக்கு வந்தார்களே அப்போது தாத்தா வீட்டில் இருந்தாரா, ரேஷன் அரிசி வந்தபோது வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், காந்தியைச் சுட்ட சேதி வந்தபோது யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேளுங்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். பட்டணம், அதாவது சென்னை, காலியானது 1942 ஏப்ரலில். காந்தி இறந்தது 1948 ஜனவரி 30. இந்த மூன்று முளைகளுக்கு நடுவில் எல்லாவற்றையும் கட்டிவிடலாம்.

ஜாதகக் கட்டுகளை விடாதீர்கள். பழைய ஜாதகத்தில் தமிழ் வருஷம் இருக்கும். பிரமாதி 1939, விக்ரம 1940, விஷு 1941, சித்ரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945, விய 1946, சர்வசித்து 1947. ஒவ்வொன்றும் அந்தந்த ஏப்ரலில் தொடங்கி மறு ஏப்ரலில் முடியும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். எங்கள் வீட்டில் பெரியத்தை பிறந்தது பிரமாதியில், அப்பா பிறந்தது சர்வசித்துவில். நடுவில் எட்டு வருஷம் பிள்ளை இல்லை. பெரியவர் வீட்டில் அதே காலத்தில் மூன்று பிள்ளைகள். தாத்தா ஊரில் இல்லாத வருஷங்களை ராணுவக் காகிதம் வருவதற்கு முன்பே ஜாதகம் சொல்லிவிட்டது.

டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது

எல்லா வீட்டிலும் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்தது. கையடக்கமான சிறு புத்தகம். அதில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், தகப்பனார் பெயர், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், வெளிநாட்டுச் சேவை, பதக்கம், நடத்தை எல்லாம் எழுதியிருப்பார்கள். எதை விட்டாலும் சர்வீஸ் நம்பரை விடக் கூடாது. பெயரை எத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள், நம்பர் மாறாது.

வெளிநாட்டுச் சேவைப் பகுதியில் ஊர்ப் பெயர் இருக்காது, சுருக்கெழுத்துகள் இருக்கும். எம்.இ.எஃப். என்றால் எகிப்து, லிபியா உள்ளிட்ட மத்திய கிழக்குப் படை. பெய்ஃபோர்ஸ் என்றால் ஈராக், பாரசீகம். சி.எம்.எஃப். என்றால் மத்தியதரைக்கடல் படை. இந்தியச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் இத்தாலி. எஸ்.இ.ஏ.சி. என்றால் பர்மா முனை. பல வீடுகளில் "தாத்தா ஜெர்மனியில் சண்டை போட்டார்" என்று சொல்வார்கள். ஜெர்மன்காரனோடு சண்டை போட்டார் என்பது சரி, போட்ட இடம் வட ஆப்பிரிக்காவோ இத்தாலியோ. இந்தச் சுருக்கெழுத்தைப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

புத்தகம் இல்லை, பதக்கம் மட்டும் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஆறு முனை உள்ள மஞ்சள் உலோக நட்சத்திரங்களில் அது எந்த ஸ்டார் என்ற பெயர் பொறித்திருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரைக்கான சேவைக்கு. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தால், மணல் நிறத்தில் நடுவே சிவப்புப் பட்டை இருப்பது ஆப்பிரிக்கா. சிவப்பு, வெள்ளை, பச்சை இத்தாலி. கருநீலத்தில் நடுவே அகலச் சிவப்பும் இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடும் இருப்பது பர்மா. ஆப்பிரிக்காவும் இத்தாலியும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அவர் 4-வது இந்திய டிவிஷனோடு போயிருக்கக்கூடும். ஆப்பிரிக்காவும் பர்மாவும் சேர்ந்திருந்தால் 5-வது டிவிஷனை நினைக்கலாம். எரித்ரியாவிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு அரக்கானுக்கும் இம்பாலுக்கும் வந்த டிவிஷன் அது. நட்சத்திரம் எதுவும் இல்லாமல் இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்தால், அவர் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே வேலை பார்த்தவர். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, அப்படியே எழுதுங்கள். பதக்கத்தின் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம்பரும் பெயரும் வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

கடிதங்களில் இருக்கும் இடத்தின் பெயர் இருக்காது. சென்சார் விடமாட்டார்கள். ஆனால் உறையின் மேல் எஃப்.பி.ஓ. என்ற எழுத்தும் ஓர் எண்ணும் முத்திரையில் இருக்கும். அது களத் தபால் நிலையத்தின் எண். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். கடிதத்தைப் பத்திரப்படுத்தி உறையைத் தூக்கிப் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, உறையையும் வையுங்கள்.

போட்டோவில் தோள்பட்டைப் பித்தளை எழுத்தையும் அட்டையின் கீழ் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரையும் பாருங்கள். அவ்வளவு போதும்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து 1946, 1947-ல் லட்சக்கணக்கானவர்களைக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் வாங்குகிற அளவுக்கு அவர்களுக்குச் சர்வீஸ் இல்லை. அப்படி வந்தவர்களின் விதவைகளுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பாட்டி இருந்து, வாங்காமல் இருந்தால், வரலாற்றை நிறுத்திவிட்டு முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். ஏற்கெனவே உதவி வாங்கிக்கொண்டிருந்த குடும்பம் என்றால், அந்த மனுவோடு வைத்த நகல்கள் அங்கே கோப்பில் இருக்கலாம். புத்தகம் தொலைந்த வீடுகளுக்கு அது இன்னொரு வாசல்.

நிலமும் பத்திரமும்

என் தொழில் என்பதால் சொல்லவில்லை, கிராமத்துச் சகோதரர்களின் கதை பத்திரத்தில் இருக்கும் அளவுக்கு வேறெங்கும் இல்லை. ஊர் மக்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் நிலம் கை மாறும்போதெல்லாம் யார் யாருக்கு யார் மகன், யார் எங்கே இருக்கிறார், பணம் எதற்காக வாங்கப்பட்டது என்று சாட்சி வைத்து எழுதியிருக்கிறார்கள்.

முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வரிசையாக, வயதோடு, தகப்பனார் பெயரோடு நிற்பது அங்கேதான். இறந்தவர் இருந்தால் "காலஞ்சென்ற" என்று வரும், அவருடைய மனைவியோ மைனர் மகனோ கையெழுத்திடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர் இருந்தால் அவர் பங்கை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு வாசகம் இருக்கும். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் மலாயாத் தாத்தாவின் பங்கைப் பெரியவர் அனுபவித்து, "மேற்படியார் திரும்பி வருங்காலத்தில்" ஆட்சேபமின்றி விட்டுவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1949-லும் அவர் வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சொத்து விவரத்துக்கு முன்னால் வரும் பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள். எது பூர்வீகம், எது சுயார்ஜிதம் என்று பிரித்திருப்பார்கள். கல்வியாலோ தொழிற்பயிற்சியாலோ ஒருவர் சம்பாதித்தது அவருடைய தனிச் சொத்து என்று 1930-ல் ஒரு சட்டம் வந்தது. அதை வைத்துப் பார்த்தால் பட்டாளத்துச் சம்பளத்தில் வாங்கிய நிலத்தைத் தம்பி தனியாக வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொண்டாரா, பொதுவில் விட்டாரா? என் தாத்தா மிலிட்டரிப் பணத்தில் வாங்கிய கிணற்றங்கரை நிலத்தைப் பொதுவில் விட்டிருக்கிறார். பெரியவரின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது என்று காரணம் எழுதியிருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனையோ மனஸ்தாபம் வந்து போயிருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியபோது பெரியவர் பேரன்மார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பத்திரத்தின் நகல் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட வேண்டும். 1940-களின் பதிவுகளைக் கணினியில் எதிர்பார்க்காதீர்கள். மேனுவல் ஈ.சி. (கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று) என்று கேட்டு மனுக் கொடுத்தால் பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துக் கொடுப்பார்கள். சொத்தை வைத்துத் தேடுவதற்கு ஓர் அட்டவணை, பெயரை வைத்துத் தேடுவதற்கு ஓர் அட்டவணை உண்டு. பெயரை வைத்தும் தேடச் சொல்லுங்கள், கூடப் பிறந்த எல்லார் பெயரையும் கொடுங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்தப் பதிவு அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லைகள் மாறியிருக்கும். சர்வே நம்பரும் உட்பிரிவு ஆகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டைப் பார்த்தால் பழைய நம்பரையும் புதிய நம்பரையும் பொருத்தலாம்.

பாகப்பிரிவினையோடு நிறுத்தாமல் 1939 முதல் 1950 வரை அந்தக் குடும்பத்தின் போக்கியம், அடமானம், கிரயம் எல்லாவற்றையும் எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறப்பு, இறப்புப் பதிவேடு சென்னை மாகாணத்தில் 1899-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிறது. கிராமத்துக் கணக்கில் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடும் அப்படியே.

ராணுவத்துக்கு எழுதுவது

எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்தால் அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். டெல்லிக்கு எழுதினால் சுற்றிச் சுற்றி வரும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். பயனியர் என்றாலும் சர்வீஸ் கோர் என்றாலும் பெங்களூர். பீரங்கிப் படை நாசிக் ரோடு. சிக்னல்ஸ் ஜபல்பூர். வண்டி, இயந்திரம் பழுது பார்த்த ஐ.இ.எம்.இ. என்றால் செகந்திராபாத்.

கடிதத்தில் சர்வீஸ் நம்பர், அன்றைய எழுத்தில் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், அன்றைய தாலுகா, அன்றைய ஜில்லா இவ்வளவும் வேண்டும். இன்றைக்கு எங்கள் ஊர் வேலூர் மாவட்டம். 1940-ல் வட ஆற்காடு, குடியாத்தம் தாலுகா. செங்கல்பட்டையும் திருச்சியையும் திருநெல்வேலியையும் வெள்ளைக்காரன் எழுதிய விதமே வேறு, பழைய ஆங்கில எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கு வாரிசுச் சான்றின் நகல் வையுங்கள்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் முழுக் கோப்பைக் குறிப்பிட்ட காலம் கழித்து அழித்துவிடுவது வழக்கம். அதனால் "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். லாங் ரோல் என்ற பதிவேட்டில் அவருக்குரிய வரியைக் கேளுங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, ரேங்க், ஊர் அளவில் அதில் ஒரு பதிவு இருக்கும். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அதே கேள்வியை அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பஞ்சாபில் முதல் போர்க்காலப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஊர் ஊராக இணையத்தில் தேட முடிகிறது. நம் மாகாணத்து ஆட்களை அதில் தேடி நேரம் போக்க வேண்டாம். நமக்கு வேண்டியதை நாம்தான் வீடு வீடாகச் சேர்க்க வேண்டும்.

கம்பெனி நம்பர் கிடைத்துவிட்டால் ஒரு பெரிய கதவு திறக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அன்றாடம் எழுதிய போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு டபிள்யூ.ஓ. 170, பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசைகளில் தேடுங்கள். பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், நகலுக்குப் பணம் கட்ட வேண்டும். சிப்பாய் பெயர் அதில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் எந்த நாளில் எந்த ஆற்றின் மேல் பாலம் போட்டார்கள் என்பது வரும்.

என் தாத்தா 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. "எங்க சுபேதார் ஒருத்தர் மத்தவங்களைக் காப்பாத்த கண்ணி மேலயே விழுந்துட்டார்" என்று அவர் சொல்வார். வீட்டில் அதைக் கதை என்று கேட்டுவிட்டுப் போவோம். கம்பெனி நம்பர் கையில் வந்த பிறகு பார்த்தால், 1944-ல் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் அதே கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியம் அப்படித்தான் உயிர் விட்டிருக்கிறார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். தாத்தா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆகவே வீட்டுக் கதைகளை, நம்பும்படி இல்லாவிட்டாலும், சொன்ன வாய்மொழியிலேயே எழுதி வையுங்கள். கம்பெனி நம்பர் வந்தபின் ஒத்துப் பாருங்கள்.

திரும்பாதவர்

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல்தான் முதல் இடம். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களை அது கணக்கில் எடுக்கிறது. குண்டு பட்டு இறந்தவர் மட்டுமல்ல, மலேரியாவில் இறந்தவரும் லாரி கவிழ்ந்து இறந்தவரும் அதில் உண்டு. "சண்டையில் சாகவில்லை, காய்ச்சலில் போனான்" என்று சொல்லித் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

ஒரே பெயரைத் தட்டி, இல்லை என்று மூடிவிடக் கூடாது. முனுசாமிக்கும் சின்னப்பனுக்கும் அந்தக் காலத்துக் கிளார்க்குகள் ஆங்கிலத்தில் விதவிதமாக எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள். சாமியும் சுவாமியும் மாறி மாறி வரும். நம்பர் இருந்தால் நம்பரைப் போடுங்கள். இல்லையென்றால் படைப்பிரிவையும் ஆண்டையும் போட்டு, வருகிற பட்டியலில் தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் வைத்துப் பொறுக்குங்கள். பல பதிவுகளில் இன்னார் மகன், இன்னார் கணவன், இன்ன ஊர், வட ஆற்காடு என்று இருக்கும்.

இந்துச் சிப்பாய்களைத் தகனம் செய்ததால் தனிக் கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். பர்மா முனையில் இறந்தவர்களில் ஏராளமானோர் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில். அங்கே சுமார் 27,000 பெயர்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னம். எங்கள் கடைக்குட்டியின் பெயர் தவுக்கியானில் இருக்கிறது. அவருக்குக் கருமாதி செய்த தேதியை வீட்டில் நினைவு வைத்திருந்தார்கள். இறந்த தேதி இப்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துத்தான் கொள்ளுப்பாட்டி அவருக்குப் பெண் பார்த்திருக்கிறார்.

மலாயாவுக்குப் போனவர்

போர் வந்தபோது சகோதரர்களில் ஒருவர் மலாயாவிலோ பர்மாவிலோ இருந்த வீடுகள் நம் ஜில்லாக்களில் நிறைய. அவர் சீருடை போடவில்லை என்பதற்காகப் போர்க் கதையிலிருந்து அவரை விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் போரில் அதிகம் பட்டவர் அவர்தான்.

உதவி பெற்றுப் போகும் கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-ல் நிறுத்தியது. ஆகையால் தோட்ட வேலைக்குப் போனவர் பெரும்பாலும் அதற்கு முன்பு கங்காணி மூலமோ நேராகவோ கப்பல் ஏறியிருப்பார். சென்னை அல்லது நாகப்பட்டினம் துறைமுகம். ரஜுலா கப்பல் பெயரைப் பலர் சொல்வார்கள். கேட்டு வாங்க வேண்டியது தோட்டத்தின் பெயர். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் பிடித்துவிட்டால், அதே தோட்டத்தின் லயங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் மலேசியாவில் இருப்பார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1935-ல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. தோட்டப் பெயரை அங்கே தேடுங்கள்.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் கோத்தா பாருவில் இறங்கியது. அதிலிருந்து 1945 செப்டம்பர் வரை கடிதம் இல்லை, பணம் இல்லை. அந்தக் காலத்தில் அவருக்கு மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம்: தோட்டத்திலேயே மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்திருப்பார், நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்திருப்பார், அல்லது ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஐ.என்.ஏ. என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் உண்டு. 1972-க்குப் பிறகு தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தால் அந்த மனுவிலேயே முழு விவரமும் கையெழுத்துமாக இருக்கும். பட்டாளத்தில் இருந்து சிங்கப்பூரில் பிடிபட்டு ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். முழுமனதோடு சேர்ந்தவர்கள் என்று தரம் பிரித்தவர்களைச் சம்பளம் பிடித்து வெளியே அனுப்பினார்கள்.

சயாம் ரயில் என்றால் எழுதும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. அங்கே போய் மலாயாத் தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள். அந்தக் கல்லறை சிப்பாய்களுக்கானது. தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. எங்களுக்கு இருக்கும் ஆதாரமெல்லாம், 1946-ல் திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது. காலராவில் விழுந்த ஆளைக் கொட்டகையில் விட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு ஓட்டிப் போனார்கள் என்று சொன்னாராம். இப்படிப்பட்ட வாய்மொழியை எழுதும்போது யார் சொன்னார், யாரிடம் சொன்னார், உங்களிடம் யார் வழியாக வந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். அதுதான் அவருக்கு இருக்கும் ஒரே கல்.

நான்கு பத்தி, பன்னிரண்டு வரி

இனி எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். பெரிய தாள் ஒன்றை எடுத்து, மேலே ஒவ்வொரு சகோதரருக்கும் ஒரு பத்தி, இடப்பக்கம் 1938 முதல் 1949 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி போடுங்கள். சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் பத்தி போடுங்கள். கல்யாணச் செலவு எந்த வருஷம் என்பது பல விஷயங்களை விளக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் செய்தியையும் அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். மேலிருந்து கீழே படித்தால் ஒருவரின் வாழ்க்கை. குறுக்கே படித்தால் குடும்பம்.

கடைக்குட்டி ஏன் போனார்? வீட்டில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: அண்ணன் உடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். தாளைக் குறுக்கே படித்தேன். 1941 டிசம்பரோடு மலாயாப் பணம் நிற்கிறது. 1942 மார்ச்சில் பெரியவர் நஞ்சை நிலத்தைப் போக்கியத்துக்கு வைத்திருக்கிறார், "குடும்பச் செலவு வகைக்காக" என்று. கடைக்குட்டி சேர்ந்தது அதே வருஷம் ஜூனில். போக்கியப் பத்திரத்தின் முதுகில் 1943-ல் இரண்டு தவணை வரவு எழுதியிருக்கிறது. 1944-ல் வரவு இல்லை. போக்கியத்தை மீட்டது 1946-ல், என் தாத்தா டிஸ்சார்ஜ் ஆகி வந்த பணத்தில். ஆசைப்பட்டு ஓடிய பிள்ளை அல்ல அவர், நிலத்தை மீட்கப் போனவர். போக்கியப் பத்திரத்தை யாரும் அவருடைய காகிதமாக நினைக்காததால் இத்தனை வருஷம் இது தெரியவில்லை.

தாள் நிறையும்போது சங்கடமானவையும் வரும். மலாயாவில் இன்னொரு குடும்பம், பாதியில் படையை விட்டு ஓடி வந்தது, பங்கில் நடந்த வஞ்சனை. உயிரோடு இருப்பவர்களைத் தொடுகிற விஷயமாக இருந்தால் அவர்களிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஊருக்குக் கொடுக்கும் பிரதியில் விடுங்கள், உங்கள் தாளில் அழிக்காதீர்கள்.

காலியாக நிற்கும் கட்டங்களில் "ஆதாரம் இல்லை" என்று பென்சிலால் எழுதி வையுங்கள். ஊகத்தை நிரப்பினால் அடுத்த தலைமுறை அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பத்திரத்தையும் லேமினேட் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அசலைப் பருத்தித் துணியில் சுற்றித் தட்டையாக வையுங்கள். தாளின் நகல் ஒவ்வொரு சகோதரர் வழிக்கும் ஒன்று போகட்டும். பிள்ளை இல்லாமல் போனவருக்கு உரிய நகலை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்; எங்கள் வீட்டில் கடைக்குட்டியின் நகல் பெரியவர் பேரன் வீட்டில் இருக்கிறது.